ராத்திரியை ஒழிக்க வேண்டாம், பந்தம் வைத்தால் போதும்

மைன்கிராஃப்ட் விஷயத்தில் பெற்றோர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்காரர்கள், "கேம்னாலே வெட்டுக்குத்துதான், பிள்ளை கெட்டுப்போயிடும்" என்று போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள். இரண்டாவது கட்சி கொஞ்சம் விவரமானது. செட்டிங்ஸுக்குள் போய் 'பீஸ்ஃபுல்' என்பதைத் தட்டிவிட்டு, "இனிமே பேய் பிசாசு எதுவும் வராது, சமர்த்தா வீடு கட்டி விளையாடு" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவார்கள்.

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. அந்த விளையாட்டிலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு மிகவும் உருப்படியான விஷயம் அந்த ராத்திரிதான், அதை அவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொட்டி தட்டுகிற ஆள் இல்லை. பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, இருபது வருஷமாகக் கடன் கொடுப்பதும் கொடுத்ததை வசூல் பண்ணுவதுமாக ஆணி பிடுங்கிக்கொண்டிருப்பவன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். டிரான்ஸ்ஃபர் புண்ணியத்தில் இப்போது கவுஹாத்தி. வீட்டில் தங்கமணியும், ஏழாம் வகுப்பு படிக்கிற ஒரு வாண்டும்.

கவுஹாத்தி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ராத்திரியைப் பற்றி எழுதுவதற்கு இந்தியாவில் இதைவிடத் தோதான ஊர் கிடையாது. தேசத்துக்கு ஒரே கடிகாரம். அதன் கணக்கு மிர்சாபூர் பக்கம் போகிற தீர்க்கரேகையை வைத்து. நாங்கள் அதற்கு ஒன்பது டிகிரிக்கு மேல் கிழக்கே இருக்கிறோம். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஐந்து மணிக்குக் கும்மிருட்டு. இங்கே தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து வேலை பார்க்கிறார்கள். 'பாகான் டைம்' என்று பெயர். ஸ்கூலுக்கும் பேங்குக்கும் அந்த வசதி இல்லை. ஆக, பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கிக் கை கால் கழுவுவதற்குள் ராத்திரி ஆகிவிடும். வெளியே போகாதே என்றால் அப்புறம் எங்கே போவார்கள்? மைன்கிராஃப்டுக்குத்தான்.

விளையாட்டே தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்க்கொள்ளலாம் :-)

2009-ல் ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் ஆரம்பித்து வைத்தது. முழு வடிவம் 2011 நவம்பரில் வந்தது. 2014-ல் மைக்ரோசாஃப்ட், அதைத் தயாரித்த மோயாங் கம்பெனியையே 250 கோடி டாலருக்கு வாங்கியது. 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது என்று 2023-ல் அறிவித்தார்கள். எல்லாமே சதுரக் கட்டிகளால் ஆன உலகம். மண், கல், மரம், தண்ணீர் எதை வேண்டுமானாலும் வெட்டலாம், எங்கே வேண்டுமானாலும் அடுக்கலாம். கதை என்று ஒருவரும் சொல்லித்தருவதில்லை. வெறுங்கையோடு ஒரு புல்வெளியில் நிற்பீர்கள், அவ்வளவுதான்.

அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். பகல் 10 நிமிடம், ராத்திரி 7 நிமிடம், நடுவில் அந்திக்கும் விடியலுக்கும் ஒன்றரை ஒன்றரை நிமிடம். இருட்டினதும் ஜந்துக்கள் முளைக்கும். ஸாம்பி தேடிக்கொண்டு வரும். எலும்புக்கூடு வில்லும் அம்புமாக வரும். சிலந்தி சுவரேறி வரும். கிரீப்பர் என்று பச்சை நிறத்தில் ஒன்று சத்தமே இல்லாமல் பின்னால் வந்து, 'ஸ்ஸ்' என்று ஒன்றரை நொடி சீறிவிட்டு, உங்களையும் உங்கள் வீட்டுச் சுவரையும் சேர்த்து வெடிக்கும். பெர்சன் பன்றி உருவம் செய்யப் போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதால் பிறந்தது இந்த கிரீப்பர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அந்தக் குரங்குதான் இன்றைக்கு அந்த விளையாட்டின் முத்திரையே.

இனி விஷயத்துக்கு வருவோம்.

முதல் ராத்திரியில் உங்களிடம் கத்தி இருக்காது, கவசம் இருக்காது. அந்த நிலைமையில் சண்டை போட்டால் சாவு நிச்சயம். அதனால் வன்முறையைக் கற்றுத்தருகிறது என்று சொல்லப்படுகிற இந்த விளையாட்டு, பிள்ளைக்கு முதல் பத்து நிமிடத்தில் கற்றுத்தருவது ஒன்றுதான்: மோதாதே, ஒதுங்கு. ஒதுங்குவதற்கும் பல வழி வைத்திருக்கிறான். என் வாண்டு எனக்குப் பாடம் எடுத்த வரிசையிலேயே தருகிறேன்.

1. தூங்கிவிடு. மூன்று கம்பளிக் கட்டி, மூன்று பலகை சேர்த்தால் ஒரு கட்டில். ஆட்டைப் பார்த்தால் கம்பளி, மரத்தைப் பார்த்தால் பலகை. பொழுது சாய்வதற்குள் இது இரண்டும் கையில் இருந்தால் அந்த ராத்திரியே உங்களுக்குக் கிடையாது. படுத்தால் விடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் ஏதாவது ஜந்து உலாத்திக்கொண்டிருந்தால் படுக்கவே விடாது. அதாவது பாதுகாப்பைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கம்.

2. மூடிக்கொள். கட்டில் கிடைக்கவில்லையா? மலைப்பக்கம் மூன்று கட்டம் குடைந்து உள்ளே போய் வாசலை மண்ணால் அடைத்துவிடு. மரக்கதவு போட்டாலும் சரிதான். ஸாம்பி மரக்கதவை உடைக்கிறது 'ஹார்டு' என்கிற கடினமான நிலையில் மட்டும்தான். ராத்திரி முழுக்க உள்ளே உட்கார்ந்து கல் வெட்டிக்கொண்டிருக்கலாம். ராத்திரியும் போச்சு, கல்லும் சேர்ந்தாச்சு.

3. வெளிச்சம் போடு. இதுதான் ராஜா. ஒரு நிலக்கரித் துண்டும் ஒரு குச்சியும் சேர்த்தால் நாலு டார்ச். பேட்டரி லைட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தீப்பந்தம். இந்த ஜந்துக்கள் வெளிச்சம் உள்ள இடத்தில் முளைப்பதே இல்லை. முன்பெல்லாம் வெளிச்சத்தின் அளவு 7 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே முளைத்துவிடும். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து அளவு 0 ஆனால்தான், அதாவது சுத்த இருட்டானால்தான் முளைக்கும். பந்தம் 14-ல் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று குறையும். ஆக, ஒரே ஒரு பந்தம் நேர்க்கோட்டில் 13 கட்டம் வரைக்கும் காப்பாற்றுகிறது.

4. குணம் தெரிந்து நட. ஸாம்பியும் எலும்புக்கூடும் வெயில் பட்டால் எரிந்துபோகும், ஆனால் மரநிழலில் நின்றால் தப்பிக்கும். தலையில் ஏதாவது கவிழ்த்திருந்தாலும் தப்பிக்கும். கிரீப்பர் வெயிலுக்கு எரியாது, ஆகவே விடிந்துவிட்டது என்று கதவைத் திறந்து ஓடக்கூடாது. சிலந்தி பகலில் நாம் சீண்டாதவரை சும்மா போகும். அது இரண்டு கட்டம் அகலம், ஒரு கட்டச் சந்துக்குள் வராது. சுவருக்கு மேலே ஒரு வரிசை வெளியே நீட்டிக் கட்டிவிட்டால் ஏறியும் வர முடியாது. கிரீப்பருக்குப் பூனை என்றால் நடுக்கம். வாசலில் ஒரு பூனை வளர்த்தால் அது கிட்டேயே வராது.

இந்த நாலையும் கேட்டு முடித்ததும் எனக்குத் தோன்றியது, இதைத்தானே எங்களுக்கு டிரெயினிங் காலேஜில் ரிஸ்க் மேனேஜ்மெண்ட் என்று ஏசி ஹாலில் உட்கார வைத்து மூன்று நாள் சொன்னார்கள் என்பதுதான். தவிர், குறை, தள்ளிவிடு, ஏற்றுக்கொள் என்று நாலு பெட்டி போட்டுக் காட்டுவார்கள். பாதிப் பேர் தூங்கிவிடுவோம். இங்கே ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை, எந்த ஆபத்து எந்த ரகம், எதற்கு எவ்வளவு செலவு செய்தால் போதும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது.

சரி, பீஸ்ஃபுல் கட்சிக்காரர்களுக்கு என் பதில்.

பீஸ்ஃபுல்லில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ராத்திரி ஜந்துக்கள் போய்விடும். அது மட்டுமில்லை, பசியும் குறையாது. அடிபட்டாலும் தானாக ஆறிவிடும். பசியே இல்லை என்றால் எதற்குக் கோதுமை விதைக்க வேண்டும்? எதுவுமே வராது என்றால் எதற்குக் கதவு? பந்தம் வெறும் தோரணம் ஆகிவிடும். பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்கிற அந்த அவசரம் போய்விடும். அவசரம் போனால் திட்டம் போடுவதும் போய்விடும்.

எங்கள் தொழிலில் இருந்து ஒரு உதாரணம். வாராக்கடனே இல்லாத பிராஞ்ச் வேண்டுமா? ரொம்பச் சுலபம். யாருக்கும் கடனே கொடுக்காதீர்கள். ஒரு பைசா வாராக்கடன் இருக்காது. அந்த பிராஞ்சை அடுத்த வருஷம் இழுத்து மூட வேண்டியிருக்கும், அது வேறு விஷயம். கடன் கொடுக்கிற வேலையில் ஆபத்தை ஒழிக்கவே முடியாது. எங்கே இருட்டு என்று தெரிந்துகொண்டு அங்கே ஒரு பந்தம் குத்திவிட்டுப் போகலாம். பீஸ்ஃபுல்லில் வளர்கிற பிள்ளை அழகாக வீடு கட்டும், மறுக்கவில்லை. அந்த வீட்டுக்கு ஏன் சுவர் வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. (ஆறு வயசுக் குழந்தை பயந்து அழுகிறது என்றால் தாராளமாக பீஸ்ஃபுல் போடுங்கள். நான் சொல்வது பத்து வயசுக்கு மேல்.)

இன்னொரு பக்கம் கத்தி கட்சி. இதில் என் அண்ணன் மகன் முக்கியப் புள்ளி. தென்காசியில் பத்தாவது படிக்கிறான். அவனும் எங்கள் வாண்டும் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடுவார்கள், அவன் அங்கேயிருந்து, இவள் இங்கேயிருந்து. பையன் கஷ்டப்பட்டு வைரக் கத்தியும் வைரக் கவசமும் சேர்த்துவிட்டான். உடனே, "எனக்கென்ன பயம்?" என்று ராத்திரியில் கிளம்பிவிட்டான். மூன்று எலும்புக்கூடு சுற்றி நின்று அம்பு விட, நாலாவதாக ஒரு கிரீப்பர் பின்னால் வந்து காரியத்தை முடித்தது.

செத்தால் கையில் இருந்த அத்தனையும் அந்த இடத்திலேயே சிதறிக் கிடக்கும். நாம் கட்டிலில் வெறுங்கையோடு எழுந்திருப்போம். கிட்டே போனபிறகு 5 நிமிடம்தான் அந்தப் பொருட்களுக்கு ஆயுசு, அப்புறம் மறைந்துபோகும். அந்தப் பதற்றத்தில் பையன் என்ன செய்தான்? வெறுங்கையோடு அதே இருட்டுக்குள் ஓடினான். மறுபடி செத்தான். மறுபடி ஓடினான்.

"சித்தப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை போனா எடுத்துருவேன்" என்று போனில் அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வசனத்தை நான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கேட்டு வருகிறவர்கள் சொல்கிற அதே வசனம். "இந்த ஒரு தடவை சார், எல்லாத்தையும் மீட்டுருவேன்." போனது போகட்டும், இருக்கிறதைக் காப்பாற்று என்று சொல்ல மனசு வராது. யாருக்கும் வராது. விடியட்டும் என்று கட்டிலில் படுத்துவிட்டு, வெளிச்சத்தில் போய்க் கிடைத்ததைப் பொறுக்குவதற்குப் பெரிய மனசு வேண்டும். அதைப் பதினைந்து வயசில், வைரக் கத்தியைத் தொலைத்துக் கற்றுக்கொண்டால் லாபம்தான். நாற்பது வயசில் வீட்டுப் பத்திரத்தைத் தொலைத்துக் கற்றுக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது தங்கமணியின் வேண்டுகோள் :-) 2018-ல் ஃபாண்டம் என்று ஒரு பறக்கும் ஜந்தைக் கொண்டுவந்தார்கள். விளையாட்டுக் கணக்கில் மூன்று நாள் தூங்காமல் இருந்தால்தான் வரும். வானத்திலிருந்து பாய்ந்து பாய்ந்து கொத்தும். ஒழுங்காகத் தூங்குகிறவனை அது சீண்டுவதே இல்லை. நிறைய பேர் சேர்ந்து விளையாடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. முன்பெல்லாம் எல்லோரும் படுத்தால்தான் விடியும். 2021-ல் இருந்து, இத்தனை சதவீதம் பேர் படுத்தால் போதும் என்று மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் வாண்டு மாற்றவில்லை. "அண்ணன் குகைக்குள்ள இருக்கான்ப்பா, வந்து படுக்க மாட்டேங்கிறான், அவனால எனக்கும் விடியல" என்று புலம்புவாள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளக்கம் தேவையில்லாத வசனம். ராத்திரி பதினொரு மணிக்கு நிஜ வீட்டில் "படு" என்று தங்கமணி குரல் கொடுக்கும்போது எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் ஃபாண்டம்தான் துணைக்கு வருகிறது.

இதுவரைக்கும் விளையாட்டு. இனிமேல் நான் எழுதப்போவதற்காகத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

எங்கள் குடியிருப்பின் பின்வாசலிலிருந்து பேட்மிண்டன் ஹாலுக்கு ஒரு குறுக்குப் பாதை. நடந்தால் ஐந்து நிமிடம். ஐந்து மணிக்குக் கோச்சிங். பையன்களும் பெண்களுமாகப் பதினைந்து பிள்ளைகள் போய்வந்துகொண்டிருந்தார்கள். போன நவம்பரில் இருட்டு சீக்கிரம் வர ஆரம்பித்ததும் குடியிருப்பு நிர்வாகத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். பெண் பிள்ளைகள் பிப்ரவரி வரைக்கும் கோச்சிங் போக வேண்டாம். பாதை இருட்டு, காலம் கெட்டுக் கிடக்கிறது, எதற்கு வம்பு. பையன்கள் போகலாம்.

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். சொன்னவர்கள் எல்லோரும் பெண் பிள்ளை பெற்றவர்கள்தான். நானும் பெற்றவன்தான், எனக்கும் பயம் உண்டு. ஆனால் வாண்டு கேட்ட ஒரு கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

"ஏம்ப்பா, இருட்டா இருக்குன்னா டார்ச் வைக்கணும். என்னைய ஏன் பெட்ல படுக்கச் சொல்றாங்க?"

யோசித்துப் பாருங்கள். ராத்திரியைச் சமாளிக்க அந்த விளையாட்டில் இருக்கிற வழிகளில் நாம் நிஜத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது முதல் இரண்டை மட்டும்தான். தூங்கிவிடு. மூடிக்கொள். மூன்றாவது வழியான வெளிச்சத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் ராத்திரிக்கு மண்ணைக் குடைந்து ஒளிந்துகொள்வது புத்திசாலித்தனம். நூறாவது ராத்திரியும் அதே பொந்துக்குள் உட்கார்ந்திருந்தால் அவனை விளையாட்டுக்காரன் என்று யாராவது சொல்வார்களா? நாளாக நாளாக வீட்டைச் சுற்றிப் பந்தம் வைத்து, அப்புறம் பாதைக்கு வைத்து, அப்புறம் அடுத்த ஊர் வரைக்கும் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஊர் விரிவதே அப்படித்தான்.

நாலாவது வழிக்கும் இதே கதிதான். எண்டர்மேன் என்று கறுப்பாக, மூன்று கட்டம் உயரத்தில் ஒன்று உண்டு. அதன் கண்ணைப் பார்க்காதவரை அது பாட்டுக்குப் போகும். பார்த்துவிட்டால் தொலைந்தோம். அதனால் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் குடைந்த பூசணிக்காயைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் க்ரீக்கிங் என்று வேறொன்றைச் சேர்த்தார்கள். வெளிறிய காடு ஒன்றில் ராத்திரியில் மட்டும் நடமாடும் மரப்பிசாசு. இதற்குச் சட்டம் தலைகீழ். நேராகப் பார்த்தால் அப்படியே உறைந்து நிற்கும். பார்வையை எடுத்தால்தான் நகர்ந்து வரும். அதை அடித்தும் பயனில்லை. அதை இயக்குகிற இருதயம் பக்கத்தில் ஒரு மரத்துக்குள் இருக்கும், அதைத் தேடி உடைத்தால் ஆள் காலி. (முன்னால் கையெழுத்துப் போட்ட பினாமியை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலை. எங்களுக்குப் பழக்கம்.)

நம் பெண் பிள்ளைகளுக்கு எண்டர்மேன் பாடம் மட்டும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தலையைக் குனி, பார்க்காதே, பதில் சொல்லாதே, பூசணிக்காயைப் போட்டுக்கொள். க்ரீக்கிங் பாடத்தை யார் நடத்துவது? நேராகப் பார்த்தால் நின்றுவிடுகிற ஜந்துக்களும் இருக்கின்றன என்று? எது எந்த ரகம் என்று பார்த்துத் தெரிந்துகொள்கிற பழக்கம் வெளியே போய்வருகிற பிள்ளைக்குத்தானே வரும்?

"விளையாட்டு வேற, ரோடு வேற" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ரொம்பச் சரி. அங்கே வெளிச்சம் இருந்தால் ஜந்து பிறக்கவே பிறக்காது. ரோட்டில் வருகிறவன் இருட்டில் பிறந்தவன் இல்லை, பகலில் நம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவனாகவும் இருப்பான். விளக்கு போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் விளக்கு போட்டால் நாலு பேர் நடப்பார்கள். நாலு பேர் நடக்கிற பாதையில் ஐந்தாவது ஆள் நடக்க பயப்படமாட்டார். நடக்கவே கூடாது என்று பாதியை வீட்டில் வைத்துப் பூட்டினால், அந்தப் பாதை இன்னும் வெறிச்சோடி, மிச்சம் இருக்கிறவர்களுக்கும் ஆபத்தாகும். இதற்கு பி.காம். கூட வேண்டாம்.

நிர்வாகக் கூட்டத்தில் நான் பேசியது மைன்கிராஃப்ட் இல்லை, கணக்கு. பாதையில் எத்தனை இடம் இருட்டு என்று சாயங்காலம் நடந்து பார்த்து, நாலு இடம் என்று குறித்துக்கொண்டு போனேன். நாலு எல்.இ.டி. விளக்குக்கும் கம்பத்துக்கும் விலைப்புள்ளி வாங்கி, வீட்டுக்கு எவ்வளவு என்று வகுத்து, போன துர்கா பூஜைப் பந்தலுக்கு வீட்டுக்கு எவ்வளவு வசூலித்தோம் என்பதைப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். விளக்குக்கு ஆகிற செலவு குறைவு. முதல் கூட்டத்தில் சிரித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், "உங்க ஊர்ல வேணா சரி, இங்க வேற மாதிரி" என்றார் ஒருவர். எங்கள் ஊரிலும் இதையேதான் சொல்வார்கள் என்று அவரிடம் சொன்னேன். மூன்றாவது கூட்டத்தில், எதிர்வீட்டு அஸ்ஸாமியப் பாட்டி ஒருவர் எழுந்து, சின்ன வயசில் இதே மாதிரி இருட்டுக்குப் பயந்துதான் தன் படிப்பை நிறுத்தினார்கள் என்று இரண்டே வாக்கியம் பேசினார். என் கணக்குத்தாளைவிட அது வேலை செய்தது.

இப்போதைக்கு இரண்டு விளக்கு வந்திருக்கிறது. மூன்றாவதற்குப் பணம் ஒதுக்கியாச்சு. நாலாவது இடம் ஒரு வளைவு. அங்கே கம்பம் நட அனுமதி வர வேண்டும். அதுவரைக்கும் வாட்ச்மேனின் ஸ்டூலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை அந்த வளைவில் போட ஏற்பாடு. பெண் பிள்ளைகள் மறுபடி கோச்சிங் போகிறார்கள், கும்பலாக. இன்னும் மூன்று வீட்டில் அனுப்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வளைவு எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

ஆகவே மக்களே, என் கோரிக்கை இவ்வளவுதான். பிள்ளை மைன்கிராஃப்ட் விளையாடினால் பீஸ்ஃபுல்லைத் தொடாதீர்கள். "எத்தனை ஸாம்பியைக் கொன்னே?" என்றும் கேட்காதீர்கள். "இன்னிக்கு எங்கெல்லாம் டார்ச் வச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் மூச்சுவிடாமல் சொல்லும். கேட்டு முடித்துவிட்டு, சாயங்காலம் ஒரு நடை போய் உங்கள் தெருவில் எத்தனை இடம் இருட்டு என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. நம்மைவிட அதற்குக் கண் கூர்மை.

டிஸ்கி 1: எண்டர்மேனுக்குத் தண்ணீர் ஆகாது, இரண்டு கட்டம் உயரமுள்ள கூரைக்குக் கீழேயும் வர முடியாது. அவசரத்துக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி 2: உங்கள் குடியிருப்பில் இதே மாதிரி முடிவு எடுத்திருந்தால், அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். நாலாவது கம்பத்துக்கு எனக்கும் யோசனை தேவைப்படுகிறது.